பிள்ளைப்பேறும் நூற்பேறும்

இன்றைய உரை ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றியது. தமிழ் ஆசிரியன் ஒருவன் ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பேச வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சொல்லை என்னிடம் கொண்டு வந்தவன் என் மாணவன். அது என்னை ஒரு வாரம் உறங்கவிடவில்லை.

உயர்தர வகுப்பிலே பாடத்திட்டத்துக்குப் புறம்பாகச் சில வேளைகளில் மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுப்பது என் வழக்கம். ஒரு முறை நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரைப் பற்றி ஆங்கிலத்தில் அமைந்த சிறு குறிப்பு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, அதனைத் தமிழாக்கும்படி சொன்னேன். அக்குறிப்பில் சுவாமியாரை ஒரு ‘புறொலிபிக்’ எழுத்தாளர் என்று சொல்லியிருந்தது. கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் கையடக்க அகராதியைப் புரட்டி, அதிலே கண்ட முதற் பொருளை அப்படியே எடுத்து எழுதிவிட்டான். “சுவாமி ஞானப்பிரகாசர் பிள்ளைப்பேறு மிக்க ஓர் எழுத்தாளர் ஆவார்” என்று எழுந்து நின்று வாசித்தான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஞானப்பிரகாசர் கத்தோலிக்கத் துறவி. வாழ்நாள் முழுதும் பிரமச்சரியம் காத்தவர். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்து பெரிய அகராதிகளைப் புரட்டிப் பார்த்தபோது, சிரித்த நாங்கள்தான் சொல்லின் மேற்றோலோடு நின்றுவிட்டோம் என்பதும், அந்தப் பிள்ளை அறியாமலே அதன் வேரைத் தொட்டுவிட்டான் என்பதும் தெரிந்தன.

அந்த வேரை முதலில் நோக்குவோம்.

‘புறொலிபிக்’ என்பது ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்து குடியேறிய சொல். 1616இல் மறைந்த ஷேக்ஸ்பியருக்கு அது கிட்டவில்லை. இலத்தீன் மொழியிலே ‘புறோலெஸ்’ என்றால் சந்ததி, வழித்தோன்றல், பிள்ளைகள் என்று பொருள். அதனோடு ‘செய்தல்’ என்னும் பொருளுடைய ‘பக்கெரெ’ என்னும் வினையின் அடி சேர்ந்து, இடைக்கால இலத்தீனில் ‘புறோலிபிக்குஸ்’ என்றாயிற்று. பிள்ளைகளை ஆக்குவது என்பதே அதன் நேர்ப்பொருள். முதலில் குட்டிகளை மிகுதியாக ஈனும் விலங்குக்கும், காய்த்துத் தள்ளும் மரத்துக்கும் வழங்கிய சொல் பின்னர் மனிதரின் ஆக்கத்துக்கும் ஏறியது. நிறைய எழுதுகிறவர், நிறைய இசை அமைக்கிறவர், நிறையப் படம் வரைகிறவர் எல்லாரும் அச்சொல்லுக்கு உரியவராயினர். இன்று ஓட்டங்களைக் குவிக்கும் துடுப்பாட்ட வீரருக்கும் அதனையே சொல்கிறார்கள்.

இந்தப் ‘புறோலெஸ்’ என்னும் தாய்ச் சொல்லுக்கு வேறு பிள்ளைகளும் உண்டு. பழைய உரோமையில் குடிமக்களைச் சொத்தின் அளவால் வகுத்து எழுதினார்கள். நிலம், பொன், மாடு ஒன்றும் இல்லாத கடைநிலையாரிடம் அரசு பெறக்கூடியது அவர்கள் பெறும் பிள்ளைகளை மட்டுமே. ஆகவே அவர்களைப் ‘புறோலெத்தாரியுஸ்’ என்றார்கள். பிள்ளையைத் தவிர வேறு உடைமை இல்லாதவன் என்பது பொருள். 19ஆம் நூற்றாண்டில் கார்ல் மார்க்ஸ் முதலியோர் அச்சொல்லை எடுத்து, உழைப்பைத் தவிர விற்பதற்கு ஒன்றும் இல்லாத வர்க்கத்துக்கு வைத்தார்கள். நாம் பாட்டாளி வர்க்கம் என்கிறோம். பாட்டாளி என்றால் பாடுபடுபவன். ஒரே மனிதனை உரோமையன் அவன் பெற்ற பிள்ளையால் அழைத்தான். தமிழன் அவன் படும் பாட்டால் அழைத்தான். அணுவாயுதங்கள் பல்கிப் பரவுவதைத் தடுக்க 1968இல் கையெழுத்தான உடன்படிக்கையின் ஆங்கிலப் பெயரிலும் இதே வேர்ச்சொல் இருக்கிறது. குழந்தையைக் குறித்த சொல் குண்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது!

இன்னும் ஓர் அடி கீழே தோண்டினால் வேறொரு நீர் ஊறுகிறது. ‘புறோலெஸ்’ என்பதையே இரண்டாகப் பிரிக்கிறார்கள் சொற்பிறப்பு அறிஞர்கள். ‘புறோ’ என்றால் முன்னோக்கி, வெளியே. மற்றப் பாதி ‘ஊட்டுதல், வளர்த்தல்’ என்னும் பொருளுள்ள மிகப் பழைய வேர். அதே வேரிலிருந்துதான் இலத்தீனின் ‘அலெரெ’ என்ற வினை வந்தது. நமது பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலே தாம் படித்த பள்ளியை ‘அல்மா மாற்றர்’ என்று பெருமையோடு சொல்வார்கள் அல்லவா? ஊட்டும் தாய் என்பது அதன் பொருள். பழைய மாணவனைக் குறிக்கும் ‘அலும்னஸ்’ என்பதற்கு ஊட்டி வளர்க்கப்பட்டவன் என்று பொருள். ஆகவே ‘புறோலெஸ்’ என்பது வெறுமனே பிறந்தது அன்று. ஊட்டி வளர்க்கப்பட்டு மேலெழுந்தது. பெறுதலும் வளர்த்தலும் ஆகிய இரண்டும் அந்தச் சொல்லின் கருவிலேயே ஒன்றாக இருந்தன. காலப்போக்கில் வளர்த்தல் மறைந்தது, பெறுதல் மிஞ்சியது, பிறகு அதுவும் தேய்ந்து எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ‘எத்தனை?’ என்றுதான் கேட்கிறோம்.

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழிலே இதற்குச் சொல் இல்லையா?

சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. ‘ஈனுதல்’ என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் பிள்ளையை ஈன்றாள் என்கிறோம். பசு கன்று ஈன்றது என்கிறோம். வாழை குலை ஈன்றது என்கிறோம். நெல் கதிர் ஈன்றது என்கிறோம். பெண்ணும் பசுவும் வாழையும் வயலும் ஒரே வினையில் நிற்கின்றன. பிள்ளை என்ற சொல்லும் அப்படியே. நாம் நாட்டுவது தென்னம்பிள்ளை. தமிழ்நாட்டார் வாழைக்கன்று என்பதை நாம் வாழைக்குட்டி என்கிறோம். ஓரறிவுயிர்க்குப் பிள்ளை, குழவி, கன்று என்ற இளமைப் பெயர்கள் பொருந்தும் என்று தொல்காப்பிய மரபியல் அன்றே வகுத்துவிட்டது.

மிகுதியைச் சொல்லும் வினைகளும் பல. பல்குதல், பெருகுதல், மல்குதல், மலிதல், பொலிதல் என அடுக்கலாம். இவற்றில் இரண்டை மட்டும் எடுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஒன்று மலிதல். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். அதிலிருந்து பிறந்ததே மலிவு. சந்தையிலே கத்தரிக்காய் மலிந்தால் கத்தரிக்காய் மலிவு. மிகுதிக்கும் விலை இறக்கத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அதிகம் எழுதுகிறவர்கள் நெஞ்சிலே எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய சொல் இது. மலியும்போது மலிவாகும் இடர் எப்போதும் உண்டு.

மற்றையது பொலிதல். எனக்குத் தெரிந்த அளவில் ‘புறொலிபிக்’ என்பதன் உண்மையான உடன்பிறப்பு இதுவே. இன்று பொலிவு என்றால் முகப்பொலிவு, அழகு என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் உழவர் வாயிலே அது வேறு. சூடு மிதித்துக் களத்திலே குவிந்த நெல் பொலி. அந்தப் பொலியைத் தூற்றித்தான் பதரைப் பிரிப்பார்கள். மட்டக்களப்பு உழவர்கள் களத்திலே பாடும் பாட்டுக்குப் பொலிப்பாட்டு என்றே பெயர். பசுக்களைச் சினைப்படுத்துவதற்கென வளர்க்கும் காளைக்குப் பொலியெருது என்று பெயர். ஆக, இனம் பெருக்குவதும் பொலிதல். விளைவு பெருகுவதும் பொலிதல்.

செல்வம் பெருகுவதற்கும் அதே சொல்லை எடுத்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளிலே கோயிலுக்குப் பொன் கொடுத்தவர்களைப் பற்றிப் படிக்கிறோம். அந்தப் பொன் முதல். அது ஆண்டுதோறும் தரும் வட்டி பொலிசை. முதல் அப்படியே நிற்க, பொலிசையைக் கொண்டு விளக்கு எரிப்பார்கள். கிரேக்க மொழியிலும் வட்டிக்கும் பிள்ளைக்கும் ‘தோகொஸ்’ என்று ஒரே பெயர். அதனை வியந்து படிப்பானேன்? ‘வட்டி குட்டி போடுகிறது’ என்று கடன்பட்டவர் இங்கே நாள்தோறும் சொல்கிறாரே!

அதே கல்வெட்டுகளில் இதனிலும் அழகான ஒரு தொடர் உண்டு. கோயிலில் அணையா விளக்கு ஒன்று எரிக்க 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா, மூக்காதா என்று கேட்டால், தனி ஆடு சாகும், மந்தை சாகாது. கிழடு போன இடத்துக்குக் குட்டியை வளர்த்துக் கொண்டுவந்து 96ஐ 96ஆகவே வைத்திருப்பது இடையர் பொறுப்பு. பிறப்பு மட்டும் இருந்தால் போதாது, மேய்ப்பவர் வேண்டும். இலத்தீன் வேரிலே மறைந்துபோன அந்த வளர்த்தல் என்னும் பாதி நம் கல்வெட்டிலே பளிச்சென்று தெரிகிறது.

யாழ்ப்பாணத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நமக்கு வற்றாத ஆறு ஒன்று இல்லை. கீழே சுண்ணக்கல், மேலே சில அடி மண். மழை நீர் கல்லிடுக்கில் இறங்கித் தங்க, அதைக் கிணற்றிலிருந்து துலா மிதித்து இறைத்தே நம் முன்னோர் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தார்கள். ஆட்டெருவும் மாட்டெருவும் இட்டு, பூவரசங் குழையைத் தாழ்த்து, மண்ணுக்கு ஊட்டி ஊட்டியே விளைவித்தார்கள். இங்கே வளம் தானாகப் பிறந்ததில்லை, ஊட்டப்பட்டது.

இந்த மண்ணின் இயல்பு இங்கே பிறந்த நூல்களுக்கும் பொருந்தும். அதனைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். சொற்களுக்குப் பொருள் தேடும் அகராதித் துறையிலே இந்தச் சிறு குடாநாடு ஒரு காலத்தில் வியக்கத்தக்க விளைவைக் கண்டது. அந்த வரலாற்றைப் பார்க்கும்போது ஒவ்வொரு நூலும் ஒருவர் தொடங்கி மற்றொருவர் வளர்த்ததாகவே இருக்கிறது.

1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகத்திலே தமிழுக்குத் தமிழே பொருள் சொல்லும் அகராதி ஒன்று அச்சேறியது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் அதனைச் சொல்வார்கள். சந்திரசேகர பண்டிதரின் உழைப்பும் லீவை ஸ்போல்டிங் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் உழைப்பும் அதிலே சேர்ந்திருந்தன. சொற்கள் 58,500. அகரவரிசையில் அதுவரை வந்த தமிழ் அகராதிகளை நோக்க அது மிகப் பெரிய தொகை.

அதே காலத்தில் நல்லூரில் இருந்த ஜோசப் நைற் என்ற ஆங்கிலப் பாதிரியார் தமிழுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் பேரகராதி ஒன்றுக்குச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். முடிக்குமுன் அவர் காலமானார். திரட்டியவை கை மாறின. 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து உடுவிலில் பணிசெய்த மைரன் வின்சுலோ, பின்னர் சென்னைக்குச் சென்று, அவற்றோடு மேலும் பல சேர்த்து, தமிழ்ப் புலவர்களின் துணையோடு 1862இல் தம் பேரகராதியை வெளியிட்டார். 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, தாய்நாடு திரும்பும் வழியில், தென்னாபிரிக்க முனையிலே அவர் உயிர் பிரிந்தது. ஆனால் அகராதி பிரியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பேரகராதி செய்ய எண்ணியபோது வின்சுலோவின் நூலையே அடிப்படையாகக் கொண்டது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்தத் தமிழ் லெக்சிக்கனில் 1,04,000க்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. நல்லூரிலே ஒருவர் ஊன்றிய விதை சென்னையிலே ஆலமரமாயிற்று.

உடுப்பிட்டி கு. கதிரைவேற்பிள்ளையின் கதையும் இத்தகையதே. நீதித்துறையிலே அலுவல் பார்த்தவர் அவர். அதனிடையே ஒரு தமிழ் அகராதியைத் தொகுத்து வைத்துவிட்டு 1904இல் காலமானார். 1901இல் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கம் அந்தக் கையெழுத்துப் படியை ஏற்று, 1910 முதல் மூன்று பாகங்களாக அச்சிட்டது. அதனாலேதான் அதற்குச் சங்கத்தகராதி என்ற பெயரும் நிலைத்தது. பெற்றவர் உடுப்பிட்டியார், வளர்த்தது மதுரை.

இந்தப் பின்னணியில் சுவாமி ஞானப்பிரகாசரைப் பார்க்க வேண்டும். அவர் பிறந்தது 1875இல். பிறந்த ஊர், அந்த அகராதி அச்சேறிய அதே மானிப்பாய். சைவக் குடும்பத்திலே வைத்திலிங்கம் என்ற பெயரோடு பிறந்து, பின் கத்தோலிக்கராகி, புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக வேலை பார்த்து, அதை விட்டுத் துறவு பூண்டு 1901இல் குருவானார். நல்லூரில் இருந்துகொண்டு சமயம், வரலாறு, மொழி என்று அவர் எழுதியவை ஏராளம். 1927இல் ‘தமிழமைப்புற்ற வரலாறு’, 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்பன நம் இலக்கிய மாணவர் அறிந்தவை. சமயத்திலே நம்மவர் பலரோடு அவர் வாதிட்டவர். அவருடைய சமயத்தைச் சேராத நான், அவருடைய தமிழுக்குக் கடன்பட்டவன் என்பதைச் சொல்வதற்குத் தயங்கவேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் மேலாக அவர் எடுத்த பெருமுயற்சி சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி. 1938 முதல் பகுதி பகுதியாக அது வெளிவரத் தொடங்கியது. அகர வரிசையில் சொற்களைத் தனித்தனியாக நிறுத்தாமல், ஓர் அடியை எடுத்து அதிலிருந்து பிறந்தவற்றைத் தாயும் மக்களும் பேரர்களுமாக ஒரே குடும்பமாக நிறுத்துவது அவர் முறை. அவற்றை ஐரோப்பிய மொழிச் சொற்களோடும் ஒப்பிட்டார். அந்த ஒப்பீடுகளை இன்றைய மொழியியலார் அவ்வாறே ஏற்பதில்லை. 1961இல் பரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி திராவிட மொழிகளின் எல்லைக்குள்ளேயே நின்றது. பொலியைத் தூற்றும்போது பதரும் பறக்கத்தான் செய்யும். ஆனால் தமிழ்ச் சொற்களைக் குடும்பமாகக் காணும் அந்தக் கண் எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அவரால் அல்லவா?

எண்ணிய அளவில் அகராதி முற்றுப்பெறுமுன் 1947 சனவரியில் அவர் காலமானார்.

வாழையைப் பாருங்கள். ஒரு முறைதான் குலை ஈனும். குலையை வெட்டியதும் தாய் வாழை சாயும். அதற்குள் அடியிலே குட்டி எழுந்து நிற்கும். ஞானப்பிரகாசரின் அடியிலும் ஒரு குட்டி எழுந்து நின்றது. 1907இல் பிறந்த சிங்கராயர் தாவீது அடிகள் அவருடைய மாணவர், அவரும் துறவி, அவரும் பன்மொழி கற்றவர். ஆசிரியரின் சொற்பிறப்பு ஆராய்ச்சியைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றுக்கொண்டு தொடர்ந்தார். பிள்ளை இல்லாத துறவிக்குப் பிள்ளையாக வந்தவர் இன்னொரு துறவி. சைவத்தின் பக்கமும் இப்படியே. ஆறுமுக நாவலர் மணம் செய்யாதவர். 1848இல் வண்ணார்பண்ணையிலே பாடசாலை தொடங்கி, பின் அச்சுக்கூடமும் நிறுவி, நூல் மேல் நூலாக எழுதியும் பதிப்பித்தும் 1879இல் மறைந்தார். அவருடைய மாணவர் வழியை எண்ணத் தொடங்கினால் அது இன்றைய வகுப்பறை வரை வரும். பிள்ளைகளால் பெயர் பெற்ற அந்த இலத்தீன் சொல் இந்த மண்ணிலே பிள்ளை இல்லாதவர்களுக்கே மிகப் பொருந்தியது.

இனிச் சொல்லப்போவது வேறு வகையான செய்தி.

1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 வரையிலான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்தத் தீயைத் தம் கண்ணாலே கண்ட தாவீது அடிகள் அதிர்ச்சி தாங்காமல் உயிர் நீத்தார். என் வயதினர் அப்போது தொட்டிலில் கிடந்தவர்கள், அல்லது பிறவாதவர்கள். மூத்தோர் சொல்லக் கேட்டே இதனை அறிந்தோம். ஆனால் சொற்பிறப்பைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு நினைவுக்கு வருகிறது. சொற்களின் பிறப்பையே வாழ்நாள் முழுதும் தேடிய ஒருவர், சொற்களின் சாவைக் கண்டு இறந்தார்.

எத்தனை நூல்கள் பிறந்தன என்று நாம் பெருமையோடு எண்ணிக்கொண்டிருந்தோம். எத்தனை நூல்கள் ஒரே கட்டடத்தில், ஒரே படியாக இருந்தன என்று எண்ணத் தவறிவிட்டோம். பின்னர் அந்த நூலகம் மீளத் திறக்கப்பட்டது. 2005 முதல் ‘நூலகம்’ என்ற பெயரில் இயங்கும் மின்னூலகம் ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உலகெங்கும் படிக்க வைக்கிறது. கிழடு போன இடத்துக்குக் குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை இது. சாவா மூவாப் பேராட்டின் மேய்ப்பர்கள் இவர்கள்.

வகுப்பறைக்குத் திரும்புகிறேன். மறு வாரம் அந்த மாணவனை எழுப்பி, “நீ எழுதியது பிழை; ஆனால் நாங்கள் சிரித்தது அதைவிடப் பெரிய பிழை” என்று சொல்லி, மேலே சொன்னவற்றைச் சுருக்கி விளக்கினேன். பிறகு, “உன் தமிழாக்கத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றுவோம். பிள்ளைப்பேறு என்பதை வெட்டிவிட்டு நூற்பேறு என்று போடு” என்றேன். ‘நூற்பேறு மிக்க எழுத்தாளர்’ என்று அவன் திருத்தி எழுதினான். ‘நிறைய எழுதியவர்’ என்பதிலே எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. பேறு என்னும் சொல்லிலே பெறுதல் இருக்கிறது, பெற்றதனால் வரும் பெருமை இருக்கிறது, பெறும்போது பட்ட நோவும் இருக்கிறது. இதைவிடச் சிறந்த சொல் நேயர்களிடம் இருந்தால் எழுதுங்கள், அவனிடம் சேர்ப்பிக்கிறேன்.

சரி, பாடம் முடிந்தது என்று நான் புத்தகத்தை மூடப் போனேன். முன் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், பெத்தால் மட்டும் போதுமே? ஆர் வளர்க்கிறது?” என்று கேட்டாள்.

மணி அடித்துவிட்டது. அவளுக்கு நான் அன்று விடை சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டு இறாக்கையிலே, பாட்டனாருடைய பெட்டகத்திலே, மானிப்பாயிலும் அச்சுவேலியிலும் வண்ணார்பண்ணையிலும் அச்சான பழம் புத்தகங்கள் இருக்கக்கூடும். மேலட்டை கிழிந்திருக்கும், செல் அரித்திருக்கும். ஞானப்பிரகாசரின் அகராதிப் பகுதி ஒன்று கூட அவற்றுள் கிடக்கலாம். பழைய கடதாசி வாங்க வருபவரிடம் நிறுத்துக் கொடுக்குமுன் ஒரு முறை தூசி தட்டிப் பாருங்கள். அதைப் படமெடுக்கவும் பாதுகாக்கவும் இன்று ஆட்கள் இருக்கிறார்கள். பெற்றவர்கள் தம் கடனைச் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். வளர்ப்பு நம்முடையது.